வீட்டுப் பூனை: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபது வருடமாக வீட்டில் பூனை இல்லாத நாள் எனக்கு இருந்ததில்லை. புதிதாகக் குட்டி எடுத்துப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எங்கே சுற்றினாலும் ஒரே இடத்துக்குத்தான் வரும்: நம் அடுப்பங்கரையில் சுருண்டு படுத்திருப்பது, வறண்ட நிலத்தில் தனியாக வேட்டையாடிப் பிழைத்த ஒரு காட்டுப் பிராணி. அதன் உடம்பு அங்கிருந்து அதிகம் மாறவில்லை. அதை மறந்துவிடும்போதுதான் பூனைகள் நம் கையில் சாகின்றன.

மனிதர்கள் பூனையை எப்போது பழக்கினார்கள்?

பழக்கினார்கள் என்பதைவிட, அதுவாக வந்து சேர்ந்தது என்பதே சரி. மேற்கு ஆசியாவில் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் தானியம் விளைவித்துக் குதிரில் சேமிக்கத் தொடங்கினார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி ஃபெலிஸ் லிபிக்கா என்ற காட்டுப்பூனை வந்தது. மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத பூனைகளுக்கு ஊர் ஓரத்தில் சாப்பாடு நிரந்தரமாகக் கிடைத்தது. அவற்றின் குட்டிகள் பெருகின. 979 பூனைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஆய்வு, உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் இந்தக் கிளையிலிருந்தே வந்தவை என்று காட்டியது.

நாய், மாடு, ஆடு எல்லாம் கூட்டமாக வாழ்ந்த விலங்குகள். கூட்டத் தலைவன் இருந்த இடத்தில் மனிதன் போய் நின்றுகொண்டான். பூனையின் மூதாதைக்குக் கூட்டமே கிடையாது. அதனால்தான் "என் பூனை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால், அது யார் பேச்சையும் கேட்டுப் பிழைத்த இனம் இல்லை என்பேன்.

எகிப்தியர்கள்தானே முதலில் வளர்த்தார்கள்?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சைப்ரஸ் தீவில் ஷில்லூரோகாம்போஸ் என்னுமிடத்தில் சுமார் 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஒரு மனிதர், அவரிடமிருந்து அரை மீட்டர்கூட இல்லாத தூரத்தில், தனியாகத் தோண்டிய சிறு குழியில், எட்டு மாதப் பூனை ஒன்று. 2004-இல் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. சைப்ரஸில் இயற்கையாகப் பூனையே கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

எகிப்து பூனைக்குக் கொடுத்த இடம் வேறு. நைல் கழிமுகத்தில் புபாஸ்டிஸ் நகரில் பாஸ்டெட் என்ற பெண் தெய்வத்துக்குப் பெரிய கோயில் இருந்தது. அவள் பூனைத் தலையோடு வடிக்கப்பட்டவள். வீட்டுப் பூனை இறந்தால் குடும்பத்தினர் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதே நாட்டில் பிற்காலத்தில், காணிக்கையாகச் செலுத்துவதற்கென்றே குட்டிகளை வளர்த்துக் கொன்று பதப்படுத்தினார்கள். அப்படிப் பதப்படுத்திய ஏறத்தாழ 1,80,000 பூனை உடல்கள் 1890-இல் லிவர்பூலுக்குக் கப்பலில் போய், வயலுக்கு உரமாக ஏலம் விடப்பட்டன. இந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் ஊரில் பூனை எவ்வளவு காலமாக இருக்கிறது?

பழந்தமிழில் காட்டுப்பூனைக்கு 'வெருகு' என்று பெயர். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயர் 'குட்டி' என்கிறது. இன்றைக்கும் நாம் பூனைக்குட்டி என்றுதான் சொல்கிறோம். குறுந்தொகையில், விடியலில் கூவித் தன்னை எழுப்பிவிட்ட சேவலைத் தலைவி சபிக்கிறாள்: நள்ளிரவில் 'இல்லெலி பார்க்கும் பிள்ளை வெருகு'க்கு நீ இரையாகிப் போ என்று. வீட்டெலியைத் தேடிக் காட்டு விலங்கு வாசல்வரை வருவதை அந்தக் கவிஞர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மேற்கு ஆசியாவில் நடந்ததும் இதுவே. ஆனால் நம் காட்டுப்பூனை வேறு இனம். வீட்டுப் பூனை அதிலிருந்து வந்ததல்ல.

கம்பர் காலத்தில் 'பூசை' என்ற சொல் வழங்கியது. பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூசைபோல நான் இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார். அவருக்கும் ஐந்து நூற்றாண்டு முன்பே, 7-ஆம் நூற்றாண்டில், மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் பல்லவச் சிற்பி ஒரு பூனையைச் செதுக்கினார். பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அடுத்தமுறை போனால் யானைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்தப் பூனையின் ஒட்டிய வயிற்றையும் பாருங்கள்.

பாலும் சோறும் போதாதா? எங்கள் வீடு சைவம்.

போதாது. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பூனை இறைச்சி மட்டுமே தின்று வாழும்படி அமைந்த உடம்பு. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானே தயாரிக்க அதற்கு முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழிந்து பார்வை போகும் என்று 1975-இல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை தொய்ந்துபோவதும் அதனால்தான் என்று 1987-இல் தெரிந்தது. அதன்பிறகே கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரின் அளவைக் கூட்டினார்கள். காரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளவும் பூனைக்கு முடியாது. இனிப்புச் சுவையே அதற்குத் தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் மரபணு உடைந்து செயலற்றுப்போனது என்பது 2005-இல் உறுதியானது. உங்கள் பூனை பாயசக் கிண்ணத்தை நக்குவது பாலின் கொழுப்புக்காக.

பால் குடிக்கும் பருவம் தாண்டிய பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் கோழி இறைச்சி, கோழி இதயம், கொஞ்சம் ஈரல், வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரில் டாரின் கரைந்துவிடும். அதைக் கொட்டாமல் சேர்த்தே ஊற்றுங்கள். இதிலும் கால்சியம் போன்றவை குறையும். அதனால் முழுச்சத்து என்று அச்சிட்ட பூனைத் தீனியையும் சேர்ப்பதே பாதுகாப்பு. கொஞ்சம் சோறு கலந்தால் கெடுதல் இல்லை. சோறே சாப்பாடாகிவிடக் கூடாது. கருவாட்டில் உப்பு அதிகம். பச்சை மீனை மட்டுமே தின்று வளரும் பூனைக்குத் தயமின் என்ற வைட்டமின் பற்றாக்குறை வந்து நரம்பு பாதிக்கும்.

வீட்டில் இறைச்சி நுழையக் கூடாதென்றால் முயல் வளர்க்கலாம். பூனையைச் சைவமாக்குவது அதற்குச் செய்யும் கொடுமை.

காய்ச்சலாக இருக்கிறது, பாதி பாரசிட்டமால் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நம் கல்லீரல் பாரசிட்டமாலை வேறொரு பொருளோடு பிணைத்து வெளியேற்றிவிடும். அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையிடம் மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைப் பழுதாக்குகிறது. இரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு மருந்து இருக்கிறது.

அதே கல்லீரல் குறையால்தான் ஃபினாயிலும் ஆபத்து. துடைத்த தரையில் நடந்துவிட்டு பூனை பாதத்தை நக்கும். தரை நன்றாகக் காயும்வரை வேறு அறையில் வையுங்கள், அல்லது வேறு திரவத்துக்கு மாறுங்கள். நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே சாம்பார் சோறு, மீன் குழம்பு ஊற்றிய சோறு இரண்டும் வேண்டாம்.

இருட்டில் அதற்குக் கண் தெரியுமா?

முழு இருட்டில் தெரியாது. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் போதும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பார்க்க வைக்கிறது. இரவில் வண்டி விளக்கு பட்டதும் கண் பளபளப்பது அதனால்தான். ஆனால் மூக்குக்கு நேர் எதிரே ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது அதற்குத் தெளிவாகத் தெரியாது. மீன் துண்டை முன்னால் வைத்தாலும் தேடுகிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த இடைவெளியை மோப்பமும் மீசை முடியும் நிரப்புகின்றன. மீசையை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

காதோ கண்ணைவிடக் கூர்மை. நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வுவரைதான் கேட்கும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். எலிக்குஞ்சுகள் எழுப்பும் ஒலி அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்குமா?

உள்காது எந்தப் பக்கம் கீழ் என்று சொல்ல, முதலில் தலை திரும்பும், பிறகு முன்னுடல், பிறகு பின்னுடல். பிரான்ஸில் எத்தியேன் ஜூல் மாரே 1894-இல் இதைத் தொடர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வந்த ஆய்வு, சுமார் 90 விழுக்காடு பிழைத்ததாகச் சொன்னது. இதை நம்பிப் பால்கனியைத் திறந்து வைக்காதீர்கள். அது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகளின் கணக்கு. விழுந்த இடத்திலேயே செத்தவற்றை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. பிழைத்தவற்றிலும் பலவற்றுக்கு நெஞ்சில் அடி, தாடை உடைவு, பல் முறிவு. அடுக்குமாடியில் இருந்தால் பூனை வருமுன்பே வலை அடியுங்கள்.

மடியில் படுத்து 'குர்குர்' என்கிறதே, சந்தோஷமா?

பெரும்பாலும். ஆனால் பிரசவ வலியிலும், அடிபட்டுக் கிடக்கும்போதும், சாகும் தறுவாயிலும் அதே ஒலியை எழுப்பும். நொடிக்கு 25 முதல் 30 வரை அதிர்வு. குரல்வளைத் தசை இடைவிடாமல் துடிப்பதால்தான் வருகிறது என்று பல காலம் நம்பினார்கள். இறந்த பூனைகளின் குரல்வளைகளில் காற்றைச் செலுத்தி ஆஸ்திரியாவில் ஆராய்ந்தார்கள். மூளையின் கட்டளையே இல்லாமல் அந்த ஒலி எழுந்தது. குரல்நாண்களில் பொதிந்திருக்கும் சிறு திண்டுகள் அதற்கு உதவுகின்றன என்று 2023-இல் எழுதினார்கள். சாப்பிடாமல் மூலையில் பதுங்கி 'குர்குர்' என்றால், அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று நிறப் பூனை எல்லாம் ஏன் பெட்டையாகவே இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. செம்பட்டை நிறத்தை முடிவுசெய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே செம்பட்டை அல்லது கறுப்பு, ஏதாவது ஒன்று. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் செம்பட்டையும் மற்றதில் கறுப்பும் இருக்கலாம். கரு வளரும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது, எதை மூடுவது என்பது தற்செயல். மரபியல் ஆய்வாளர் மேரி லயன் 1961-இல் எலிகளைக் கொண்டு இதைச் சொன்னார். செம்பட்டையை மூடிய செல்களின் வாரிசுகள் கறுப்புத் திட்டாகும். கறுப்பை மூடியவை செம்பட்டைத் திட்டாகும். வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை. ஆக, உங்கள் பூனையின் முதுகில் தெரிவது, கருவில் நடந்த தற்செயல்களின் வரைபடம்.

2001-இல் டெக்சாஸில் ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையைக் குளோனிங் முறையில் நகலெடுத்தார்கள். பிறந்த குட்டிக்கு சிசி என்று பெயர். அது ரெயின்போவைப்போல் இல்லை, செம்பட்டையே இல்லாமல் பிறந்தது. செம்பட்டைக்குக் காரணமான மாற்றம் எது என்பதோ 2025-இல்தான் உறுதியாக வெளியானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே தேடிய இரண்டு குழுக்கள், எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 5,100 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டன. மூன்று நிறக் கடுவன் பிறப்பதும் உண்டு, ஆனால் மிக அபூர்வம். பெரும்பாலும் அதற்கு எக்ஸ் ஒன்று கூடுதலாக இருக்கும், இனப்பெருக்கம் செய்யாது.

குட்டி போட்டதும் ஏழு வீடு மாற்றுமாமே?

எண்ணிக்கைதான் மிகை, செயல் உண்மை. குட்டிகள் கண் திறக்காமல், காது கேட்காமல் பிறக்கின்றன. கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வாடை சேர்ந்தாலோ ஆள் நடமாட்டம் கூடினாலோ வேட்டை விலங்குகள் கண்டுபிடித்துவிடும் என்று தாய் இடம் மாற்றுகிறது. அடிக்கடி போய் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அதிகம் மாற்றாது.

தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி கை கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். அது பிறவியிலேயே உள்ள எதிர்வினை. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டியைத் தாயே தூக்கிப் போகும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் வைணவத்தில் வடகலையார் மர்க்கட (குரங்கு) நியாயமும் தென்கலையார் மார்ஜார (பூனை) நியாயமும் பேசினார்கள். வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்காதீர்கள். அதற்கு வலிக்கும், பயமும் வரும்.

நம்மிடம் பாசமே கிடையாதா?

இந்தக் குற்றச்சாட்டைக் கேட்டால் எனக்கு மனது தாங்காது. வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று அநேகமாக 'மியாவ்' என்று பேசிக்கொள்வதில்லை. குட்டி தாயிடம் எழுப்பும் குரல் அது. வளர்ந்தபிறகும் நம்மிடம் மட்டும் அதைத் தொடர்கிறது. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறியும் என்று ஜப்பானில் 2019-இல் சோதித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில், வளர்ப்பவரைப் பிரித்துத் திரும்பச் சேர்த்துப் பார்த்த சோதனையில், மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் வளர்ப்பவர் வந்ததும் அமைதியடைந்தன. கைக்குழந்தைகளிடம் காணும் விகிதமும் ஏறக்குறைய அதுதான்.

அதன் பாஷையில் நீங்களும் பேசலாம். கண்ணை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். பதிலுக்கு அதுவும் சிமிட்டும். அப்படிச் செய்தவர்களிடம் நெருங்கி வந்தது என்று இங்கிலாந்தில் 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. முறைத்துப் பார்ப்பது அதற்கு மிரட்டல்.

ஒன்றை மறக்காதீர்கள்: மனிதக் கையைப் பழகும் பருவம் பிறந்து இரண்டு முதல் ஏழு வாரம். அப்போது மென்மையாகத் தொட்டு வளர்த்த குட்டிதான் பிற்பாடு மடிக்கு வரும். ஆனாலும் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்.

குப்பைமேனியைக் கண்டால் ஏன் புரள்கிறது?

அந்தச் செடிக்கே 'பூனைவணங்கி' என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாடைக்குப் பூனை தன்னை மறந்து முகம் தேய்த்துப் புரளும். மேலைநாடுகளில் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி ஒன்று இதே வேலையைச் செய்கிறது. அவ்வப்போது ஒரு வேரை விளையாடக் கொடுங்கள், போதும்.

கருத்தடை பாவமில்லையா?

பெட்டைப் பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும்; எனவே சினை பிடிப்பது அநேகமாக நிச்சயம். நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், 63 முதல் 65 நாளில் ஈனும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருக்கலாம். நம் வெயில் ஊரில் பகல்பொழுது அதிகம் சுருங்குவதில்லை, ஆகவே ஆண்டு முழுதும் குட்டி போடும். பிறக்கும் குட்டிகளைச் சாக்கில் கட்டி மார்க்கெட் ஓரம் விடுகிறார்களே, அதுதான் பாவம். பருவத்துக்கு முன்பே அறுவை செய்தால் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஊசி போட்டுத் தள்ளிப்போடுவது கருப்பையில் சீழ் வைக்கக்கூடும். தெருப்பூனையின் காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அதற்கு ஏற்கெனவே அறுவை ஆகிவிட்டது என்று பொருள்.

கடுவன் மண்தொட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, மலச்சிக்கலா?

முதலில் சிறுநீர் அடைப்பு என்று நினையுங்கள். எங்கள் வீட்டுச் செம்பட்டைக் கடுவனுக்கு நானும் மலச்சிக்கல் என்று எண்ணி ஒரு பகல் முழுதும் வீணாக்கினேன்; மயிரிழையில் பிழைத்தது. பாலை நிலத்து உடம்பு தண்ணீரைச் சிக்கனமாகவே குடிக்கும், இரையிலிருக்கும் ஈரத்தை நம்பியே வாழும். எலி உடம்பில் முக்கால் பங்கு நீர். காய்ந்த தீனி மட்டும் போட்டால் சிறுநீர் கெட்டிப்படுகிறது. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல், அடைத்துக்கொள்ளும். அடைப்பு இரண்டு மூன்று நாள் நீடித்தால் உயிர் போகும். ஈரமான உணவு கொடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், பூனையை அனுப்பிவிடவா?

வேண்டாம். பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால். முதல்முறை தொற்றிய பூனை சில வாரங்கள் மட்டும் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். அவை தொற்றும் நிலைக்கு வர ஒருநாளாவது ஆகும். மண்தொட்டியைத் தினமும் சுத்தம் செய்தால், அதையும் வேறு யாராவது செய்தால், கவலை பெரிதும் நீங்கும். சரியாக வேகாத இறைச்சியும் தோட்ட மண் ஒட்டிய காய்கறியும் இதே ஒட்டுண்ணியைக் கொண்டுவரும், அவற்றையும் கவனியுங்கள்.

கடித்துவிட்டது, என்ன செய்வது?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல. பூனைக் கடிக்கும் தடுப்பூசி உண்டு. பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். உங்கள் பூனைக்கும் ஆண்டுதோறும் வெறிநோய் ஊசி போடுங்கள். குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பார்வோ வைரஸுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும்.

குறுக்கே போனால் சகுனத்தடையா?

இல்லை. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, போகிறது.

எத்தனை வருடம் வாழும்?

வீட்டுக்குள் நல்ல கவனிப்பில் 12 முதல் 15 ஆண்டு. இருபதைத் தொடுபவையும் உண்டு. டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 1967-இல் பிறந்து 38 ஆண்டு வாழ்ந்தது. தனியாக வேட்டையாடும் சின்ன விலங்கு தன் பலவீனத்தைக் காட்டினால் தானே இரையாகிவிடும். ஆகவே நோயைக் கடைசிவரை மறைக்கும். வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தைப் பரிசோதியுங்கள். அலமாரிமேல் தாவுவதை நிறுத்தினால் மூட்டுவலி இருக்கலாம். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.